பன்னிரண்டு வயது நாயை வேலூரிலிருந்து புனேவுக்குக் காரில் கூட்டிப்போகலாமா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். கணவருக்குப் புனேவுக்கு மாற்றல். மே கடைசியில் சத்துவாச்சாரி வீட்டைக் காலி செய்கிறீர்கள். பிள்ளைகளுக்கு ஜூனில் பள்ளி திறந்துவிடும். வீட்டில் பன்னிரண்டு வயது லாப்ரடார், பெயர் ஜிம்மி, எடை 34 கிலோ. 'ஆயிரம் கிலோமீட்டர் காரில் கூட்டிப்போனால் தாங்குமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கடுத்த வரிகளில்தான் உங்கள் கேள்வியே இருக்கிறது. குடியாத்தத்தில் இருக்கும் அண்ணன், 'வயசான காலத்துல அதை ஏன் அலைக்கழிக்கிறே, எங்க வீட்ல விட்டுட்டுப் போ' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், 'பேசாம ஊசி போட்டு அனுப்பிடுங்க' என்றே சொல்லியிருக்கிறார். கூட்டிப்போவது கொடுமையா, விட்டுவிட்டுப் போவது கொடுமையா என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று புரிந்துகொள்கிறேன்.

நான் வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலேயே அரசு மாட்டாஸ்பத்திரி வேலைக்கு வந்தவன். ஆற்காடு, குடியாத்தம், அணைக்கட்டு என்று சுற்றி ஓய்வுபெற்றாயிற்று. இப்போது வீட்டில் வைத்து நாய், பூனை பார்க்கிறேன். ஜிம்மியை நான் தொட்டுப் பார்த்ததில்லை. அதனால் எல்லா நாய்க்கும் உறுதியாகப் பொருந்துவதையும், ஜிம்மியைப் பரிசோதித்த பிறகே சொல்லக்கூடியதையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டிப்போங்கள். வயது என்பது நோய் இல்லை. இதயமும் சிறுநீரகமும் மூச்சுக்குழாயும் ஓரளவு ஒழுங்காக இருக்கும் கிழ நாய், வெயிலிலிருந்து காப்பாற்றினால், மூன்று நாள் கார் பயணத்தைத் தாங்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பல நாய்களை இப்படி அனுப்பி வைத்திருக்கிறேன். அண்ணன் பாசத்தோடு சொல்கிறார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். குடியாத்தத்தில் விட்டாலும் ஜிம்மிக்கு அது புது வீடுதான். அங்கே வீடும் புதிது, மனிதர்களும் புதிது. புனேயில் வீடு மட்டும்தான் புதிது. பூனையாக இருந்தால் நான் கொஞ்சம் தயங்குவேன், பூனைக்கு இடம் முக்கியம். நாய்க்குத் தன் ஆட்களின் வாசனையும் குரலும், சோறு வைக்கிற நேரமும் மாறாமல் இருந்தால் போதும், மற்றதை மெல்லப் பழகிக்கொள்ளும். கண் மங்கி, காது மந்தமான நாய்க்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அது உங்களை மூக்கால்தான் தெரிந்துவைத்திருக்கிறது.

இவ்வளவு உறுதியாகச் சொன்னாலும், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. 'கொஞ்ச நாளாகக் குரைப்பு கரகரவென்று மாறிவிட்டது, வயசாகிறதல்லவா' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வரியில், பின்னங்கால் தள்ளாடுகிறது, எழுந்திருக்கச் சிரமப்படுகிறது என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது வயதான லாப்ரடார்களுக்கு வருகிற ஒரு கோளாறு நினைவுக்கு வருகிறது. அதற்குக் குரல்வளை வாதம் என்று சொல்லலாம். குரல்வளையின் வாயில் இரண்டு கதவுபோன்ற மடிப்புகள் உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது அவை விலகித் திறக்க வேண்டும். அவற்றை இயக்கும் நரம்பு வயதில் நலிந்துபோனால் கதவு சரியாகத் திறக்காது. முதலில் குரைப்பு மாறும். தண்ணீர் குடித்ததும் செருமும், இருமும். மூச்சு வாங்கும்போது ரம்பம் இழுப்பதுபோல ஒரு சத்தம் வரும், அதுவும் உள்ளே இழுக்கும்போதுதான் வரும். பல நாய்களுக்கு இதே நரம்பு நலிவு கொஞ்ச காலத்தில் பின்னங்காலுக்கும் வந்துவிடுகிறது. மூட்டுத் தேய்மானம் என்று நாம் மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்போம், கால் தேறாது.

ஜிம்மிக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. தொண்டைப் புண்ணாலும் குரல் மாறும், தைராய்டு குறைந்தாலும் மாறும், அண்டை அயலாரைப் பார்த்து ஒரு வாரம் ஓயாமல் குரைத்தாலும் கட்டிப்போகும். மயக்கம் லேசாகக் கொடுத்து, வாயைத் திறந்து, குரல்வளை அசைவதைக் கண்ணால் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். ஆனால் பயணத்துக்கு முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும் என்பது உறுதி. காரணம், நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். சூட்டை வெளியேற்ற அது நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைக்க வேண்டும். குரல்வளை பாதி அடைத்திருக்கும் நாய் வேகமாக இரைத்தால், அந்த முயற்சியிலேயே உடம்பு இன்னும் சூடாகும், குரல்வளை வீங்கும், வழி இன்னும் குறுகும். வீட்டுத் திண்ணையில் நிம்மதியாகப் படுத்திருக்கும் வரை யாருக்கும் தெரியாது. மே மாதம், பதற்றம், கார் மூன்றும் சேர்ந்தால் அரைமணி நேரத்தில் நாக்கு நீலமாகிவிடும். குரல்வளை சரியில்லை என்று தெரிந்தாலும் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. கழுத்துப் பட்டையை அடியோடு விட்டுவிட்டு மார்போடு கட்டும் ஹார்னஸ் போட வேண்டும், ஏ.சி. நிற்கவே கூடாது, தேதியைக் கொஞ்சம் தள்ள முடிந்தால் தள்ள வேண்டும். முற்றிய நிலை என்றால் ஒரு பக்கக் கதவை இழுத்துக் கட்டும் அறுவை சிகிச்சை உண்டு. அதற்கே உரிய ஆபத்தும் உண்டு, சோறோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். கிளம்புவதற்கு முந்தின வாரம் அவசரமாகச் செய்யும் காரியம் இல்லை அது.

அதோடு இரத்தத்தில் சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கல்லீரல் அளவுகள், இரத்த அணுக்கள் பாருங்கள். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சத்தமில்லாமல் இருக்கும். சோர்வை வயது என்று நினைத்துவிடுவோம். சிறுநீரையும் கொடுத்துப் பாருங்கள். இதயத்துக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை இருக்கிறது, காசு செலவில்லை. ஜிம்மி நன்றாகத் தூங்கும்போது, கனவில் கால் உதைக்காத நேரமாகப் பார்த்து, பக்கத்தில் உட்காருங்கள். விலா ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முப்பது வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் நிம்மதி. மூன்று நான்கு நாள் எண்ணியும் 30-ஐத் தாண்டியே வந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த எண்ணிக்கையைப் பழகி வைத்துக்கொண்டால் வழியில் லாட்ஜில் தங்கும்போதும் உதவும்.

'பிரயாணத்துக்கு மயக்க ஊசி போட்டுவிடலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. 1991 என்று நினைவு. ஆற்காட்டில் ஒரு குடும்பம், பதினோரு வயது பொமரேனியன், கோயம்புத்தூருக்கு வீடு மாற்றிப் போகிறார்கள். நாய் காரில் ஏறினாலே ஊளையிடும் என்றார்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் போடுகிற ட்ரைஃப்ளூப்ரோமசின் ஊசியை நானும் போட்டேன். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கக்கூட இல்லை. மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் வந்தது. சேலம் தாண்டும் முன்பே உடம்பு ஜில்லிட்டு, எழுப்ப எழுப்ப எழாமல் போய்விட்டதாம். அந்த வயது பொமரேனியனுக்கு இதய வால்வு தேய்ந்திருப்பது வழக்கம். அந்த மருந்து இரத்த அழுத்தத்தை இறக்கும். நான் கேட்டிருந்தால் முணுமுணுப்புச் சத்தம் காதில் விழுந்திருக்கும். அந்த வகை மருந்துகளுக்கு, இப்போது கிடைக்கும் அசிப்ரோமசினையும் சேர்த்து, இன்னொரு குறையும் உண்டு. அவை உடம்பைக் கட்டிப்போடும், பயத்தைப் போக்காது. நாய் அசையாமல் கிடக்கும், உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கும், உடம்பு தன் சூட்டைச் சமாளிக்கும் திறமையையும் இழந்திருக்கும். கிழ நாய்க்குப் பயணத்துக்காக அதைக் கொடுக்க நான் இனி சம்மதிக்க மாட்டேன். பதற்றம் மிகுந்த நாய்க்குக் கபாபென்டின், ட்ரசடோன் போன்றவை இருக்கின்றன. சிறுநீரக அளவைப் பார்த்து மருத்துவர் அளவு சொல்ல வேண்டும், கிளம்பும் நாளுக்கு முன்பே வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். வாந்திக்கு மாரோபிடன்ட் நல்ல மருந்து. மருந்துக்கடையில் நமக்குத் தருகிற வாந்தி மாத்திரையை ஒடித்துக் கொடுக்காதீர்கள்.

கால்வலிக்கும் அதே எச்சரிக்கைதான். வீட்டிலிருக்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்றவை இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொன்னால் மட்டும். மூட்டுக்கென்று விற்கும் குளுக்கோசமின் கொடுக்கலாமா என்றால், கொடுப்பதால் கெடுதல் இல்லை. பலன் உண்டென்பதற்கு ஆதாரம் மெலிந்ததாகவே இருக்கிறது. அந்தக் காசில் ஒரு நல்ல கெட்டி மெத்தை வாங்குங்கள்.

இன்றிலிருந்தே காரைப் பழக்குங்கள். ஜிம்மி காரில் ஏறியதெல்லாம் ஊசி போடத்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை மாற்ற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முதல் மூன்று நாள் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். கதவைத் திறந்து வைத்து உள்ளே ஒரு பிஸ்கட். பிறகு இன்ஜின் மட்டும் ஓடட்டும். பிறகு பாலாற்றுப் பாலம் வரை போய்த் திரும்புங்கள், விடிகாலையில். 34 கிலோவைத் தூக்கி ஏற்ற நினைக்காதீர்கள். உங்கள் இடுப்பும் போகும், அதன் இடுப்பும் போகும். என் வீட்டுக் கிழ நாய்க்கு, பதின்மூன்று வயதில், ஐந்தடிப் பலகை ஒன்றை ஆசாரியிடம் வாங்கி, மேலே கோணிப்பையை இழுத்து ஆணி அடித்தேன். முதல் நாள் அது பலகையை மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் நாள் முன்னங்கால் இரண்டையும் வைத்தது, பலகை லேசாக ஆடியதும் இறங்கிவிட்டது. அடியில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன், ஆட்டம் நின்றது. நான்காம் நாள் பின்னங்காலில் நகம் கோணியைப் பற்றிக்கொள்வது சரக் சரக்கென்று கேட்டது, மேலே போய்த் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பற்றுதல்தான் முக்கியம். ஏறும் இடம் வழுக்காது, ஆடாது என்று தெரிந்தால் கிழ நாய் தானே ஏறும்.

பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தைத் துணி மூட்டைகளால் சீட் மட்டத்துக்கு நிரப்பி, மேலே மெத்தை போட்டுவிடுங்கள். அந்தப் பள்ளத்தில் கால் மடங்கி விழுந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். ஹார்னஸை சீட் பெல்ட்டோடு மாட்டுங்கள், கழுத்துப் பட்டையோடு ஒருபோதும் மாட்ட வேண்டாம், பிரேக் அடித்தால் கழுத்து நெரிபடும். ஜிம்மி இப்போது படுக்கும் பழைய போர்வையை எடுத்து வையுங்கள். துவைக்காமல் எடுங்கள். சாமான் கட்டும் பரபரப்பில் எல்லாவற்றையும் துவைத்து மடித்து வைப்பது நம் பழக்கம். அதற்கு அந்தப் போர்வையின் நாற்றம்தான் வீடு.

வெயிலைப் பற்றி வேலூர்க்காரரிடம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கத்திரி முடிகிற நேரத்தில்தான் நீங்கள் கிளம்புகிறீர்கள், கோட்டையைச் சுற்றியுள்ள பாறைமலைகள் பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரியெல்லாம் கக்கும். நிறுத்திவைத்த காருக்குள் மட்டும் என்ன நடக்கிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. வெளியே நிற்கும் சூட்டைவிட உள்ளே அரைமணியில் பதினைந்து டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. 'அஞ்சே நிமிஷம், டீ குடிச்சிட்டு வந்துடறோம்' என்று விட்டுப் போன ஒரு நாயை என்னிடம் கொண்டுவந்தார்கள், அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒருவர் எப்போதும் காரில், இன்ஜினும் ஏ.சி.யும் ஓட, ஜிம்மியோடு இருக்க வேண்டும். நான்கு பேர் போகிறீர்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றைப் பையில் வையுங்கள். ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் கணக்கில் காய்ச்சல் என்று பயந்துவிடாதீர்கள். மூச்சிரைப்பு நிற்காமல், எச்சில் கெட்டியாக நூலாக வடிந்து, ஈறு செங்கல் நிறமாகி, தள்ளாடினால் சூடு 104-ஐத் தாண்டியிருக்கும். அப்போது ஆஸ்பத்திரி தேடி ஓடுவதற்கு முன் அங்கேயே குளிர்விக்க வேண்டும். நிழலில் படுக்கவைத்து, சாதாரணத் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, நெஞ்சு என்று ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஐஸ் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் அதுவே சூட்டை மூடி வைக்கும். 103-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, ஏ.சி. காரில் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எழுந்து நடந்தாலும் கொண்டுபோங்கள், சிறுநீரகக் கோளாறு ஒரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். வாயில் வலுக்கட்டாயமாகத் தண்ணீர் புகட்டாதீர்கள்.

'இரண்டு நாளில் ஓட்டிவிடலாம் என்கிறார் கணவர்' என்றிருக்கிறீர்கள். மனிதருக்கு முடியும். ஜிம்மிக்காக மூன்றாக்குங்கள். விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் இருட்டிலேயே கடந்துவிடும். கிருஷ்ணகிரி தாண்டி மேட்டில் ஏற ஏறக் காற்று மாறும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம், ஓசூரும் பெங்களூரும் 900 மீட்டர் அளவில் இருக்கின்றன. ஆறரை ஏழு மணிக்கு ஓசூர் எல்லையில் இருந்தால், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம், பெங்களூரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோட்டில் ஏறி நகரத்துக்குள் நுழையாமலே துமகூரு சாலையைப் பிடித்துவிடலாம். போக்குவரத்து நெரிசலில் நின்று ஊர்வதுதான் கிழ நாயை அதிகம் படுத்தும். முதல் நாள் சித்ரதுர்காவோடு நிறுத்திவிடுங்கள், 400 கிலோமீட்டர் சொச்சம்தான், உச்சி வெயிலுக்குள் அறைக்குப் போய்விடலாம். இரண்டாம் நாள் ஹூப்ளி, பெல்காம் வழியாகக் கோலாப்பூர். மூன்றாம் நாள் மீதி 230 கிலோமீட்டர் அளவுதான். நாய்க்கு அறை தருவோம் என்று போனில் வாய்வார்த்தை வாங்கினால் போதாது, எழுத்தில் வாங்குங்கள். கீழ்த்தள அறையாகக் கேளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்த வேண்டும். வயதான நாய்க்குச் சிறுநீரை அடக்கத் தெம்பு இருக்காது, அடக்கவைத்தால் அவமானப்படும். காரில் நனைத்துவிட்டால் திட்டாதீர்கள். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் போட்டால் முடிந்தது. இறக்குவதற்கு முன் செயினைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்ட பிறகே கதவைத் திறக்க வேண்டும். இதை நான் மூன்று முறை எழுதினாலும் தகும். வீடு மாற்றும் பயணத்தில் நாய் தொலைவது பெரும்பாலும் இப்படித்தான். 'எங்க ஜிம்மி எங்கேயும் போவாது' என்பீர்கள். லாரி ஏர் ஹாரன் ஒன்று பின்னால் அடித்தால், காது மந்தமான நாய்கூட வெருண்டு எந்தப் பக்கம் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது, கூப்பிட்டாலும் கேட்காது. ஹார்னஸில் உங்கள் கைப்பேசி எண்ணைத் தைத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பு சோறு வேண்டாம். வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தயிர்சாதம், வேகவைத்த கோழி. வீட்டுத் தண்ணீர் ஒரு கேன். வழியில் பிள்ளைகள் பிரியாணி கேட்பார்கள், எலும்பை ஜிம்மிக்குப் போட மனசு வரும். வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும், அந்த எண்ணெயும் வெங்காயமும் கணையத்தையும் இரத்தத்தையும் கெடுக்கும். வழியில் வாந்தி பேதி வந்தால் கிழ உடம்பு வேகமாக வற்றிப்போகும்.

ரயிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். காட்பாடியில் ஏற்ற முடியும்தான். ஆனால் ஏ.சி. முதல் வகுப்பில் தனி அறையே முழுவதும் உங்களுக்குக் கிடைத்தால்தான் உடன் வைத்துக்கொள்ள முடியும். கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் இந்த வயது லாப்ரடாரை, இந்த மாதத்தில், தனியாகப் போட வேண்டாம்.

காகிதம் அதிகம் இல்லை. 1978-ஆம் ஆண்டின் விலங்குகளைக் கொண்டுசெல்வதற்கான விதிகள், நாயோடு கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று இருக்க வேண்டும் என்கின்றன. வெறிநோய்த் தடுப்பூசி அட்டையையும் சேர்த்து வையுங்கள். 1932-லிருந்து ராணிப்பேட்டையில் கால்நடைத் தடுப்பூசி தயாரித்துவரும் நிலையம் இருக்கிற மண் இது. அப்படியிருந்தும் என்னிடம் வரும் நாய்களில் அட்டையோடு வருபவை குறைவு என்பது எனக்கு வருத்தம். எலிக்காய்ச்சலுக்கான ஊசியும் போட்டதா என்று பாருங்கள். நீங்கள் போய் இறங்குகிற ஜூனில் புனேயில் மழை தொடங்கும், தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். எந்த ஊசியானாலும் கிளம்ப இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். அடுக்குமாடிச் சங்கம் நாய் கூடாது என்று சொன்னால் பதற வேண்டாம். குடியிருப்போர் நாய் வளர்க்கச் சங்கம் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் தந்திருக்கிறது. வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் வேறு விஷயம், அதை முன்பணம் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு வரும் முதல் மூன்று வாரம்தான் பயணத்தைவிடக் கடினம். அதை யாரும் சொல்வதில்லை. நம் வீடுகளில் சிமெண்ட் தரை, மொசைக். அங்கே வழவழ டைல்ஸ். தள்ளாடும் பின்னங்கால் அதில் விரிந்து விழுந்தால், ஒரே நாளில் நடையை நிறுத்திவிடும். சாமான் இறக்குவதற்கு முன் கோரைப்பாயோ ரப்பர் விரிப்போ படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் பாதைபோல விரியுங்கள். ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். கண்ணில் நீலப் புகைபோல் இருக்கிறது என்றீர்களே, அது லென்ஸ் முதிர்ந்து கெட்டிப்படுவதாக இருந்தால் பார்வையை அதிகம் மறைக்காது. வெள்ளையாக அடைத்திருந்தால் புரை. எப்படியானாலும் இருட்டில் தடுமாறும். படுக்கையை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் போடுங்கள். பகலில் தூங்கி, ராத்திரி முனகியபடி நடந்து, சுவரைப் பார்த்து நின்றால் அது மூளை முதுமை. புது வீட்டில் அது கூடுவதுண்டு. சில நாய்களுக்கு ஒரு மாதத்தில் அடங்குகிறது, சிலவற்றுக்கு அடங்குவதில்லை. ஜிம்மி எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல என்னால் முடியாது. மருந்து உண்டு, அங்குள்ள மருத்துவரிடம் முதல் வாரமே ஒரு முறை காட்டி வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஊசிக்கு வருகிறேன். நான் அந்த ஊசியைப் போட்டிருக்கிறேன், தேவைப்பட்டபோது இனியும் போடுவேன். தீராத வலி, மூச்சுக்குப் போராட்டம், நாள்கணக்கில் சோறு இறங்காமை, தன் மலத்திலேயே கிடக்கும் நிலை, இவை வரும்போது அது கருணை. சோறு வைக்கும் முன்பே தட்டை நக்கி, ஆட்டோ சத்தத்துக்குப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று வாசலுக்குத் தள்ளாடி நடக்கிறது என்று நீங்களே எழுதிய நாய்க்கு அது இல்லை. வீடு மாறுவது அதற்கு ஒரு காரணமே இல்லை. அண்ணன் வீட்டில் விடுவதை முற்றாக மறுக்கவில்லை. குரல்வளை மிக மோசம், அறுவை சிகிச்சைக்கு வழியில்லை, தேதியையும் தள்ள முடியாது என்று வந்தால் குடியாத்தம்தான் சரி. அப்படியானால் இப்போதிருந்தே வாரம் இரண்டு நாள் அங்கே தங்கவைத்துப் பழக்குங்கள், கிளம்புகிற காலையில் திடீரென்று இறக்கிவிட்டுப் போகாதீர்கள். மழை வந்து சூடு தணிந்ததும், ஜூலையிலோ ஆகஸ்டிலோ வந்து கூட்டிப்போகலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டுதான், அம்மா. இன்று ராத்திரி ஜிம்மி தூங்கும்போது மூச்சை எண்ணி எழுதி வையுங்கள். நாளை காலை நடந்துவிட்டு வந்து இரைக்கும்போது, மூச்சை உள்ளே இழுக்கும் சத்தத்தைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், தண்ணீர் குடித்ததும் இருமுகிறதா என்பதையும் சேர்த்து. இரண்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். டாக்டர் அறையில் நாய் பயத்தில் வேறு மாதிரி மூச்சு விடும், வீட்டில் எடுத்த பதிவுதான் அவருக்கு உதவும். புனே வீட்டுக்கு முன்பணம், சாமான் லாரி, கிளம்பும் தேதி எல்லாம் அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.